சித்தியின் பெயரில் படுத்திருந்த அம்மா

சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் உடனே ஓடுவதில்லை. முதலில் போனை எடுப்பார்கள். அன்றும் அப்படித்தான். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் காலண்டர் சீசன். பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் வடக்கே பார்த்தார்.

"எந்த ஆபீஸ்லே?"

"ஆமத்தூர் ரோட்டுப் பக்கம் மாதிரி இருக்கு."

பட்டாசுக் கம்பெனியையும் தீப்பெட்டிக் கம்பெனியையும் நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். அவளுடைய தங்கை, என் சித்தி, ஆமத்தூர் ரோட்டில் இருந்த ஒரு பட்டாசு ஆபீஸில். இரண்டு வீடும் ஒரே தெருவில், எதிரெதிராக. ஆமத்தூர் ரோட்டுப் பக்கம் என்றதும் எனக்குச் சித்தியின் நினைப்புதான் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஒரு போலீஸ்காரர் படிக்கட்டில் ஏறி நின்று காயம்பட்டவர்களின் பெயர்களைச் சத்தமாகச் சொன்னார். அதில் சித்தியின் பெயர் இருந்தது. அவளுடைய ஊர், அவளுடைய வீட்டுக்காரர் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. சித்தப்பா லோடு ஏற்றப் போயிருப்பார், அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் இருக்கும் ஒரே போன் சித்தியுடையதுதான். ஆபீஸுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், வீட்டில் மகள் எடுப்பாள் என்று நினைத்து அந்த எண்ணுக்கு அடித்தேன்.

"சொல்லுய்யா" என்றது சித்தியின் குரல். பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

இந்தப் பக்கம் போலீஸ்காரர் திரும்பவும் அவள் பெயரைச் சொல்கிறார். அந்தப் பக்கம் அவளே பேசுகிறாள்.

"யாரு?"

"யாருன்னா? நாந்தான்யா, சித்தி. நம்ம ஆடு குட்டி போடுற நேரம், நான் இன்னைக்குப் போகல. ஏதோ சத்தம் கேட்டுச்சே, எந்த ஆபீஸாம்?" சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு மெல்லிய குரலில், "ஐயா, இன்னைக்கு ஏம் பேருக்கு ஒங்கம்மாதான்யா போயிருக்கா" என்றாள்.

பேருக்குப் போவது என்று ஒரு வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. சீசன் நேரத்தில் ஒரு நாள் வராமல் இருந்தால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். போன இடம் திரும்பக் கிடைக்காது. அதனால் ஒருத்திக்கு முடியாத நாளில் அக்காளோ தங்கையோ மதினியோ போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பதைப் போல அதுவும் ஓர் உதவி. தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் விட்டால் அன்றைய கூலி மட்டும்தான் போகும் என்பதால், அம்மா பல முறை சித்தியின் பேருக்குப் போயிருக்கிறாள். சித்தி சாப்பிட வைத்திருக்கும் தூக்குச்சட்டியையும், சேலைக்கு மேல் மாட்டும் பழைய சட்டையையும் எடுத்துக்கொண்டு போவாள். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே சித்தி போவது போலத்தான் இருக்கும்.

வார்டில் அம்மாவை எனக்கு முகத்தைக் கொண்டு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, ஒரு பக்கம் கருத்திருந்தது. இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டு. கால்களைக் கொண்டுதான் தெரிந்துகொண்டேன். விறகு பிளக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு அவள் குதிகாலில் இருக்கும். கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையில் சித்தியின் பெயர்.

நர்ஸ் வந்து சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அம்மா கண்ணைத் திறக்காமலேயே "ம்" என்றாள்.

நர்ஸ் போன பிறகு குனிந்து, "அம்மா, பேரை மாத்தி எழுதியிருக்காங்க" என்றேன்.

"நாந்தான் சொன்னேன்" என்றாள். உதடு அசையாமல் பேசினாள். "வேன்ல ஏத்தும்போதே போர்மேன் சொன்னாக. தங்கச்சி பேரச் சொல்லிரு தாயி, அப்பத்தான் கம்பெனியில வைத்தியம் பார்ப்பாகன்னு."

போர்மேன் அங்கேதான் நின்றார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவருடைய சட்டையிலும் கரி இருந்தது.

"தம்பி, நீங்க படிச்ச பிள்ளை. இப்பம்போயி பேர்த் தகராறு பண்ணாதீக. பேர் இருந்தாத்தான் இன்சூரன்ஸ். மொதல்ல உசுரு பொழைக்கட்டும்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். படிச்ச பிள்ளை என்று யாராவது சொன்னால் நான் உடனே பொறுப்பாகத் தலையாட்டிவிடுவேன். அன்றும் ஆட்டினேன்.

யாரும் சாகவில்லை என்பதால் டிவிக்காரர்கள் சாயங்காலமே போய்விட்டார்கள். அம்மா அந்தக் கட்டிலில் ஒன்றரை மாதம் கிடந்தாள். ஊசி போட வருபவர், கட்டு மாற்ற வருபவர், சாப்பாட்டு வண்டி தள்ளி வருபவர் என்று எல்லோரும் அவளைச் சித்தியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதலில் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் தயங்குவாள். பிறகு தயக்கம் போய்விட்டது. ஒரு நாள் கட்டு மாற்றும்போது வலி தாங்காமல் கத்தினாள். நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லி, "இந்தா முடிஞ்சுச்சும்மா, முடிஞ்சுச்சு" என்று நெற்றியைத் தடவினார். அம்மா அந்தப் பெயருக்கு அடங்கினாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த ஒன்றரை மாதமும் சித்தி எங்கே இருந்தாள் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். விபத்து நடந்த அன்று சாயங்காலமே போர்மேன் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். "நீ இப்பம் ஆஸ்பத்திரியில கிடக்க. தெருவுல நடமாடுனா எப்படி? கொஞ்ச நாளைக்கு ஆள் கண்ணுல படாம இரு" என்று சொல்லியிருக்கிறார். அவள் மகளைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, குட்டி போட்ட ஆட்டையும் அன்று பிறந்த இரண்டு குட்டிகளையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் பகலில் வெளியே வரவில்லையாம். அணைப் பக்கம் ஆட்டை மேய்க்கக்கூட நாத்தனார் பிள்ளைகள்தான் போனார்கள். அக்காவைப் பார்க்க ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. வந்தால், கட்டிலில் கிடப்பவளே தன்னைத் தானே பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இடது கையில் கட்டை விரல் மட்டும் சொன்னபடி கேட்டது. ஒரு காது கேட்கவில்லை. சித்தியும் ஆனைக்குட்டத்திலிருந்து வந்துவிட்டாள். காலையில் வந்து அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள், சோறு ஊட்டிவிடுவாள். அம்மாவின் கைகளை மட்டும் பார்க்கமாட்டாள். அவளை அறியாமலேயே தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். ஊட்டி முடித்ததும் கை உள்ளே போய்விடும்.

எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி, இனி எந்த வேலையும் செய்ய முடியாத அந்தக் கைகளுக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும் என்றுதான் போர்மேன் சொல்லிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் ஆள் வருவார், பார்ப்பார், எழுதிக்கொண்டு போவார் என்றார்.

இன்சூரன்ஸ் ஆள் வந்தார். எங்களுக்குத் தகவல் சொல்லாமல் ஒரு நாள் காலையில் வந்தார். தெரு முக்கில் பைக்கை நிறுத்திவிட்டு, எதிரே ஆட்டை இழுத்துக்கொண்டு வந்த பெண்ணிடம் சித்தியின் பெயரைச் சொல்லி, "அவங்க வீடு எதும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நாந்தாங்கய்யா. சொல்லுங்க" என்றாள் சித்தி.

அவ்வளவு நாள் ஒளிந்து கிடந்தவள் அவள். வெளியே வந்து சரியாக ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒருவர் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கேட்டதும் வாய் பதில் சொல்லிவிட்டது. அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அகத்திக் கீரைக் கட்டு.

அதற்குப் பிறகு கம்பெனியின் பேச்சு மாறிவிட்டது. அவர்கள் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பெயருக்கு உரிய தொழிலாளி நல்ல நிலையில் இருக்கிறார், அவருக்கு எந்தக் காயமும் இல்லை. காயம்பட்டதாகச் சொல்லும் பெண் எங்கள் தொழிலாளியே இல்லை, அவர் எப்படி உள்ளே வந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலை இருந்தவளுக்குக் காயம் இல்லை. காயம்பட்டவளுக்கு வேலை இல்லை. அம்மா கேட்கும் காதை என் பக்கம் திருப்பி, "அப்பம் அங்கன வெந்தது யாரு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

விருதுநகரில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வேலை நேரத்துல, வேலையால வந்த காயம். அதுல சந்தேகமே இல்லை. ஆனா உங்க அம்மா அவங்க ஆள்தான்னு காட்டணும். திருட்டுத்தனமா நுழைஞ்சாங்கன்னு அவங்க சொல்வாங்க. தெரிஞ்சுதான் வேலை கொடுத்தாங்கன்னு நாம சொல்லணும். தெரியும்னு யாரு சொல்வா?"

"அம்மா சொல்வாங்க."

"அவங்க கேஸ் போடுறவங்க. அவங்க சொன்னா மட்டும் போதாது. கூட வேலை பார்த்தவங்க வருவாங்களா?"

யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் அதே ஆபீஸுக்குத்தான் மறுநாள் போகவேண்டும். வக்கீல் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திரும்பப் பார்த்தார். பிறகு, "சித்தியை ஒளிஞ்சிருக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

ஆனைக்குட்டத்துப் பயணத்துக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே கிடப்பது அக்கா என்று தெரிந்தவர்தான் தங்கையை ஒளியச் சொல்லியிருக்க முடியும். சித்தி அதைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் சித்திக்கு அந்த ஆபீஸில் மட்டும் அல்ல, இந்த வட்டாரத்தில் எந்த ஆபீஸிலும் இடம் கிடைக்காது. கம்பெனிக்கு எதிராகச் சாட்சி சொன்ன கையை யாரும் வெடிமருந்து தொட விடமாட்டார்கள்.

நான் போய்க் கேட்டேன். சித்தி குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கை வெந்த அன்று பிறந்த குட்டிகள். நன்றாகத் துள்ள ஆரம்பித்திருந்தன. சித்தப்பாதான் பேசினார்.

"ஒங்கம்மாவுக்குக் கை போச்சு. வேதனைதான், இல்லேங்கல. அதுக்காக எங்க சோத்துலயும் மண்ணப் போடணுமாக்கும்? நானும் அங்கனதான்லே லோடு ஏத்துறேன்."

"சித்தப்பா, உண்மையைத்தானே சொல்லச் சொல்றோம்."

"உண்மை! ஒனக்கென்ன, நீ பேனா பிடிக்கிறவன். எந்த ஊர்லயும் உக்காந்து பிடிப்ப."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சம்மன் அனுப்பி வரவழைக்கலாம் என்று வக்கீல் சொன்னதையும் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் அனுப்பாத" என்றாள். "அவளா வந்தா வரட்டும். இல்லேன்னா விட்டுரு. ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணையணுமா?"

மறுநாளிலிருந்து சித்தி தலை வார வரவில்லை. நான்தான் அம்மாவுக்குத் தலை சீவினேன், எனக்குப் பின்னல் வரவில்லை. கொண்டை மாதிரி ஒன்றைச் சுற்றிவிட்டேன். அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரதேசி மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கேஸ் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதங்களில்தான் அது நடந்தது. தண்ணீர் வரும் நாள். தெருக் குழாயில் எல்லோரும் நின்றார்கள். அம்மாவால் குடம் தூக்க முடியாது, சும்மா என்னோடு வந்து நின்றாள். சித்தி கொஞ்சம் தள்ளி வரிசையில் நின்றாள். பின்னாலிருந்து ஒரு பெண் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அம்மா திரும்பினாள். "ம்" என்றாள், ஆஸ்பத்திரியில் சொன்ன அதே "ம்".

சித்தி திரும்பவே இல்லை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். பெயர் காதில் விழுந்ததும் அவள் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். கூப்பிட்ட பெண் குழம்பிப்போய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். அன்று சித்தி தண்ணீர் பிடிக்காமலேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

தொழிலாளர் இழப்பீட்டு விசாரணைக்கு மதுரைக்குப் போகவேண்டும். அதற்கு முன்பே ஒரு டாக்டர் அம்மாவின் கைகளைச் சோதித்திருந்தார். சட்டைப் பித்தானைப் போடச் சொன்னார், டம்ளரைத் தூக்கச் சொன்னார், கையை மூடித் திறக்கச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றையும் பரீட்சை எழுதுவது போல முயன்றாள். முடியாதபோது டாக்டரிடம் மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்தாள். முடியாமல் போவதுதான் இங்கே சரியான பதில் என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு மனம் வரவில்லை.

விசாரணை அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஊழியர் கதவருகே வந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். அம்மா அசையவில்லை. இரண்டாம் தடவையும் அசையவில்லை. நான் தோளைத் தொட்டு, "உங்களைத்தான்மா" என்றேன். "என்னையா?" என்று எழுந்தாள்.

அப்போதுதான் வராந்தாவின் கடைசியில் சித்தியைப் பார்த்தேன். தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். கைகள் முந்தானைக்குள் இருந்தன. அம்மாவும் பார்த்தாள். சித்தி எழுந்து வந்து, நான் சுற்றிவிட்டிருந்த கொண்டையைப் பிரித்து, நின்றபடியே பின்னிவிட்டாள். ஊழியர் மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

உள்ளே சித்தி சாட்சி சொல்ல நின்றபோது கம்பெனி வக்கீல் அவளை எளிதில் விடவில்லை.

"எதுக்காக அன்னைக்கு வேலைக்குப் போகல?"

"ஆடு குட்டி போட்டுச்சுங்கய்யா."

"ஆட்டுக்கா லீவு?" அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "சரி, ஒன்றரை மாசம் ஆஸ்பத்திரியில கிடக்கிறதா ஊரையே ஏமாத்தியிருக்கீங்க. இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

"நான் ஏமாத்தலங்கய்யா. ஒளிஞ்சு கிடந்தேன். போர்மேன் வீட்டுக்கு வந்து சொன்னாக. ஒங்க அக்கா ஒன் பேர்ல கிடக்கா, நீ வெளிய தலைகாட்டாதன்னு."

விசாரித்த அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"உள்ளே இருந்தது உங்க அக்காதான்னு அவருக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாமயாங்கய்யா? அக்கா எத்தனையோ வாட்டி ஏம் பேருக்குப் போயிருக்கா. போர்மேன் வாசல்ல நின்னு, இன்னைக்கு அக்காவா தங்கச்சியான்னு கேட்டுச் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள விடுவாக." முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து மேஜை விளிம்பில் வைத்தாள். "அந்த இடத்துல ஏம் கைதான் இருந்திருக்கணும்."

கடைசியாகச் சொன்னதை அதிகாரி எழுதவில்லை. அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சித்தி கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்ளவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

உத்தரவு வருவதற்குள் அடுத்த சீசன் வந்துவிட்டது. அதற்குள்ளேயே சித்திக்கு வேலை போய்விட்டது. தாயில்பட்டிப் பக்கத்து ஆபீஸ்களில் கேட்டுப் பார்த்தாள், பெயரைச் சொன்னதும் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சித்தப்பா லோடு வேலையை விட்டுவிட்டு கட்டட வேலைக்குப் போகிறார். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. சித்தி ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த இரண்டு குட்டிகளும் பெரிதாகிவிட்டன. வியாபாரிகள் வந்து கேட்டார்கள், கொடுக்க மறுத்துவிட்டாள்.

எங்காவது சத்தம் கேட்டால் இப்போதும் அச்சகத்திலிருந்து நான் சித்தியின் போனுக்குத்தான் அடிக்கிறேன். அவள் ஹலோ சொல்வதில்லை. "நான் வீட்லதான்யா இருக்கேன். அக்காவும் இங்கனதான் இருக்கா" என்கிறாள். அதைக் கேட்ட பிறகும், போலீஸ்காரர் படிக்கட்டில் நின்று யாருடைய பெயரையோ படிக்கிற குரல் எனக்குக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

உத்தரவைப் படித்துக் காட்டிய அன்று சித்தி எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கம்பெனியின் தொழிலாளியாகவே கருதவேண்டும், இழப்பீட்டுக்கு அவர் தகுதியானவர் என்று எழுதியிருந்தது.

"ஏம் பேரு எங்கன இருக்கு?" என்றாள் அம்மா.

காட்டினேன். அவள் படிக்கத் தெரியாதவள். ஒட்டிப்போன விரல்களை அப்படியே அந்த வரியின்மேல் வைத்தாள்.

"இது நாந்தானா?"

"நீங்கதான்மா."

அந்த நேரம் தெருவில் கீரைக்காரி வந்தாள். சித்தி வீட்டு வாசலில் நின்று சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மாவின் தலை வாசல் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. நான் காத்திருந்தேன். சித்தியும் எழாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீரைக்காரி இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"ஒன்னையத்தான் கூப்புடுறாக" என்றாள் அம்மா. "போ."

சித்தி உடனே எழவில்லை. அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பவள் போல இருந்தாள். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, வெயிலில் இறங்கி, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.